ஒரே சமையலறை, இரண்டு லவுஞ்ச்: ருசி எங்கே தொலைகிறது?

நீங்கள் கேட்டது இது: ஒரே விமான நிலையத்தில் இரண்டு லவுஞ்ச், அதாவது பயணிகள் உட்கார்ந்து சாப்பிட்டுக் காத்திருக்கும் ஓய்வறை. விமான நிறுவனம் தன் பயணிகளுக்காக நடத்துவதில் சாப்பாடு நன்றாக இருக்கிறது. கார்டைத் தேய்த்து நுழையும் பொது லவுஞ்சில் ஆறிப்போய், காய்ந்துபோய்க் கிடக்கிறது. இரண்டுக்கும் சமைத்து அனுப்புவது ஒரே கேட்டரிங் நிறுவனம் என்று அங்கே வேலை செய்பவரே சொன்னாராம். அப்படியென்றால் ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறாரா? வெளியாரிடம் விடாமல் லவுஞ்சுக்காரர்களே சமைத்தால் சரியாகிவிடுமா?

சில ஆண்டுகள் கேட்டரிங் நிறுவனம் ஒன்றின் சமையலறையில் உற்பத்தியைக் கவனித்தேன். பிறகு லவுஞ்ச் நடத்தும் தரப்புக்குப் போய், அதே மாதிரி நிறுவனங்களோடு ஒப்பந்தம் பேசும் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏமாற்று நடப்பதுண்டு, ஆனால் நீங்கள் கண்ட வித்தியாசத்துக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். ஒரு பயணி இரண்டாவது முறை எழுந்துபோய் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறார். அந்தக் கரண்டியின் செலவு யார் தலையில் விழுகிறது? அந்த இரண்டு லவுஞ்சுகளிலும் இதற்கு வேறு வேறு பதில். தட்டில் தெரிவது அந்தப் பதில்தான்.

லவுஞ்ச் முதலில் தனி வியாபாரமாக இருக்கவில்லை. 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப், முக்கியமான வாடிக்கையாளர்களை அழைத்து உட்காரவைத்து உபசரிக்கும் அறை. அங்கே ஆகும் செலவு, டிக்கெட் வாங்குபவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள நிறுவனம் செய்யும் செலவு. 1992-இல் பிரயாரிட்டி பாஸ் வந்தது. எந்த நிறுவனத்தின் விமானத்தில் போனாலும் ஒரே அட்டையைக் காட்டி நுழையலாம் என்றானது. 1998-இல் ஹாங்காங்கில் பிளாசா பிரீமியம், விமான நிறுவனத்தோடு ஒட்டாத கட்டண லவுஞ்சைத் தொடங்கியது. அதன்பின் வங்கிகள் கிரெடிட் கார்டு விற்க லவுஞ்ச் அனுமதியைச் சலுகையாகச் சேர்த்தன. இங்கேதான் லவுஞ்சுக்குத் தனி லாப நட்டக் கணக்கு வந்தது. ஒரு பக்கம் இன்னும் அது உபசரிப்புச் செலவு. மறுபக்கம் அது தலைக்கு இவ்வளவு என்று வரும் வருமானம்.

பொது லவுஞ்சுக்குப் பணம் வரும் வழியைப் பாருங்கள். நீங்கள் வங்கிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறீர்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் வங்கி ஒரு தொகையை, பிரயாரிட்டி பாஸ் போன்ற இடைநிலை நிறுவனத்துக்குத் தருகிறது. அது தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை லவுஞ்ச் நடத்துபவரிடம் கொடுக்கிறது. அவர் விமான நிலையத்துக்கு வாடகை கட்ட வேண்டும். பல இடங்களில் அது, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகையும் அதற்குமேல் வருமானத்தில் ஒரு பங்கும் சேர்ந்தது. ஊழியர் சம்பளம், மின்சாரம், துப்புரவு எல்லாம் போனபின் இருப்பதில் கேட்டரிங் நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு விலை. அந்த விலைக்குள் கேட்டரிங் நிறுவனம் சமையல்காரர் கூலி, வண்டி, பாதுகாப்புச் சோதனைச் செலவு, தன் லாபம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசியாக மிஞ்சும் பணத்தில்தான் அரிசியும் முட்டையும் காய்கறியும் வாங்குகிறது.

இந்தச் சங்கிலியில் மற்ற எல்லாமே எழுத்தில் கட்டிப்போட்டவை. வாடகையை இந்த மாதம் குறைத்துக்கொள்ள முடியாது, இடைநிலை நிறுவனத்தின் பங்கை மாற்ற முடியாது, சம்பளத்தை நிறுத்த முடியாது. யாரையும் கேட்காமல் நாளைக் காலையே சுருக்கக்கூடியது மூலப்பொருள் ஒன்றுதான். எண்ணெய் விலை ஏறினாலும், வங்கி தன் கட்டணத்தைக் குறைத்துப் பேசினாலும், எல்லா அடியும் வந்து விழுவது அந்தக் கடைசிக் கண்ணியில். லவுஞ்ச் உணவைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில், நீங்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்த கணத்தில் கேட்டரிங் நிறுவனத்தின் வருமானம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் செலவு. இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்; சமையலறை மேற்பார்வையாளர் தானாகவே கற்றுக்கொள்வார். விலை அதிகமான உணவைச் சிறிய ட்ரேயில் வைப்பது, மாவுப் பண்டங்களை முன்வரிசையிலும் இறைச்சியைக் கடைசியிலும் வைப்பது, காலியான ட்ரேயை உடனே நிரப்பாமல் சற்று விட்டுவைப்பது. இதில் எதுவுமே ஒப்பந்த மீறல் ஆகாது. 'நான்கு வகை சூடான உணவு' என்று எழுதியிருக்கும், நான்கு வகையும் இருக்கும். அந்த நான்கும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்காது.

விமான நிறுவனம் நடத்தும் லவுஞ்சில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் மூலப்பொருள் செலவை அப்படியே கொடுத்துவிட்டு, மேலாண்மைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை தருவார்கள். இரண்டாவது கரண்டியால் கேட்டரிங் நிறுவனத்துக்கு நட்டமில்லை. செலவை ஏற்கும் விமான நிறுவனமோ, அந்தப் பயணி அடுத்த டிக்கெட்டை வேறெங்கோ வாங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் இருக்கிறது. அதே சமையலறை, அதே அடுப்பு, சில சமயம் அதே ஷிப்ட் ஆட்கள்தான். இரண்டு லவுஞ்சுக்கும் சமையல் குறிப்பு அட்டையும், ஒரு பங்குக்கு இத்தனை கிராம் என்ற அளவும், வாங்கும் பொருளின் தரமும் வேறு வேறு. சமைப்பவர் முன்னே ஒட்டியிருக்கும் அட்டை எதுவோ, அதைத்தான் அவர் சமைக்கிறார். அவரைக் குறை சொல்வது எனக்கு எப்போதுமே வலிக்கும்.

விமான நிறுவன லவுஞ்சிலும், கார்டு நிறுவனம் தானே நடத்தும் லவுஞ்சிலும் எல்லாம் நலம் என்றில்லை. கூட்டம் அங்கும் தாக்கிவிட்டது. 2013-இல் லாஸ் வேகாஸில் தன் முதல் செஞ்சூரியன் லவுஞ்சைத் திறந்த கார்டு நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், 2019-இல் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கும் முன்னதாக வருபவரை அனுமதிப்பதில்லை என்று விதி கொண்டுவந்தது. டெல்டா விமான நிறுவனம் 2022-இல் அதே மூன்று மணி நேர விதிக்கு வந்தது. 2025 பிப்ரவரி முதல் சில கார்டுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை வருகைதான் என்று உச்சவரம்பும் வைத்தது. சமையலறையின் கண்ணில் இது வெறும் நெரிசல் பிரச்சினை இல்லை. நூறு பேருக்குத் திட்டமிட்ட சூடாக்கும் அடுப்புகளிலிருந்து இருநூறு பேருக்கு உணவு போகிறது. அடுப்பின் கொள்ளளவு அதற்காக அதிகரிக்காது. அப்போது ஒன்று ட்ரே காலியாக நிற்கும், இல்லையென்றால் சரியாகச் சூடேறாத உணவு வெளியே வரும்.

இனி டெண்டர். ஒப்பந்தம் யாருக்கு என்று முடிவு செய்யும் முன் சுவை பார்க்கும் நாள் ஒன்று உண்டு. நிறுவனத்தின் தலைமைச் சமையல்காரர் நேரில் வந்து, பத்துப் பேருக்கு மட்டும், அப்போதே சமைத்து, பீங்கான் தட்டில் அலங்கரித்துப் பரிமாறுவார். நானும் அப்படிப்பட்ட மேசைகளில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். முதல் முறை போட்டபோது எனக்கு உறைக்கவில்லை: அன்று நாங்கள் சாப்பிட்டது, பயணி ஒருநாளும் சாப்பிடப்போகாத உணவு. பயணிக்கு வருவது முந்தைய நாள் இரவு ஷிப்டில் முந்நூறு பங்காகச் செய்து, குளிரவைத்து, வண்டியில் வந்து, மறுபடி சூடாக்கி, மூடிபோட்டு இரண்டு மணி நேரம் வைத்த உணவு. ஆறு மாதம் கழித்து அதே பதார்த்தத்தைப் பஃபேயிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். பெயரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அதிலிருந்து சுவை பார்க்கும் நாளில் ஒரு நிபந்தனை வைத்தேன்: நேற்றே சமைத்துக் குளிரவைத்ததை இங்கே சூடாக்கி, இரண்டு மணி நேரம் பஃபே பாத்திரத்தில் வைத்த பிறகு தாருங்கள். வந்த நிறுவனங்களின் தரவரிசையே மாறிப்போனது.

ஏன் அப்போதே சமைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். முனையத்தின் உள்ளே திறந்த நெருப்பு பல இடங்களில் கூடாது. பெரிய புகைபோக்கிக்கு இடமிருக்காது. ஒவ்வொரு கத்திக்கும் கணக்கு, ஒவ்வொரு ஊழியருக்கும் பின்னணி விசாரணை முடிந்த அனுமதி அட்டை, ஒவ்வொரு காய்கறிப் பெட்டிக்கும் பாதுகாப்புச் சோதனை. ஆகவே வெளியே ஒரு மையச் சமையலறையில் சமைத்து, விரைவாகக் குளிரவைத்து, உள்ளே கொண்டுவந்து சூடாக்குகிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டுதலில், இப்படிச் சமைத்ததை 90 நிமிடத்துக்குள் 3 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைக்க வேண்டும். சமைத்த நாளும் சாப்பிடும் நாளும் சேர்த்து ஐந்து நாளுக்குள் முடித்துவிட வேண்டும். முறையாகச் செய்தால் இது பாதுகாப்பானது.

பாதுகாப்பு விதிகள் காரணமில்லாமல் வந்தவை அல்ல. 1975 பிப்ரவரியில் ஆங்கரேஜிலிருந்து கோபன்ஹேகன் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் காலை உணவு சாப்பிட்டவர்களில் 140-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சமையல்காரர் ஒருவரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் கலந்து, போதிய குளிர் இல்லாமல் பல மணி நேரம் இருந்ததில் நஞ்சு உருவாகிவிட்டது. அந்த நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. அமெரிக்க விண்வெளி ஆய்வுக்காக 1960-களில் பில்ஸ்பரி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எச்ஏசிசிபி முறை (உணவு எந்தக் கட்டத்தில் கெடக்கூடும் என்று முன்பே கண்டு தடுப்பது), 1993-இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டுதலாக உலகுக்கு வந்து, இன்று கேட்டரிங் சமையலறைகளில் அன்றாட விதியாக நிற்கிறது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழ் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய கணக்கு.

ஆனால் பாதுகாப்பான உணவு ருசியான உணவாக இருந்தாக வேண்டியதில்லை. ஒப்பந்தம் பாதுகாப்பை அளக்கிறது, ருசியை அளப்பதில்லை. 60 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் நிற்கும் முட்டையில், வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து பச்சை நிறம் தட்டும். வெப்பமானி 65 காட்டும், பதிவேட்டில் டிக் விழும். வறுத்த பண்டத்தை மூடிபோட்டு வைத்தால் அதன் ஆவியே திரும்ப அதன்மேல் இறங்கி மொறுமொறுப்பை அழித்துவிடும். சமைத்த சோறு குளிரும்போது அதன் மாவுச்சத்து மறுபடி இறுகும். மறுசூட்டில் போதிய ஈரம் கொடுக்காவிட்டால் விறைத்தே இருக்கும். சமைத்த இறைச்சியைக் குளிரில் வைத்து மறுநாள் சூடாக்கும்போது ஒரு பழைய வாடை வருகிறதே, அது கொழுப்பு காற்றோடு வினைபுரிவதால் வருவது. உணவு ஆய்வாளர்கள் 1958-லேயே அதற்குத் தனிப்பெயர் வைத்து விளக்கிவிட்டார்கள். இதில் எதுவுமே கலப்படமோ திருட்டோ அல்ல. மெனு எழுதியவர் இந்த வழியைத் தாங்காத பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

தாங்கும் பதார்த்தங்கள் இருக்கின்றன. குழம்பில் ஊறி வெந்த இறைச்சி, பருப்பு வகைகள், கெட்டியான சூப், கிழங்கு போட்டு மெதுவாக வேகவைத்தவை. சில, மறுநாள் சூடாக்கும்போது முந்தைய நாளைவிடச் சுவையாகவே இருக்கும். நல்ல மெனுக்காரர் இவற்றை மையத்தில் வைப்பார். முட்டையையும் வறுவலையும் ஆள் நின்று அங்கேயே செய்து கொடுக்கும் சிறு மேடைக்கு ஒதுக்குவார், அல்லது மெனுவிலிருந்தே எடுத்துவிடுவார். படத்தில் அழகாக இருக்கிறது என்று பொரித்த பண்டத்தைப் பஃபே மூடிக்குள் வைப்பவரால், எத்தனை செலவு செய்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

வெளியாரிடம் விட்டதுதான் குற்றமா? இதற்கு நேரடியான பதில்: இல்லை. துருக்கி விமான நிறுவனம் வியன்னாவின் டூ அண்ட் கோ என்ற கேட்டரிங் நிறுவனத்தோடு கூட்டு நிறுவனம் அமைத்து 2007 முதல் தன் கேட்டரிங்கை நடத்துகிறது. அதன் இஸ்தான்புல் லவுஞ்ச் கண்முன்னே சமைத்துக் கொடுப்பதற்காகவே பேர்போனது. சொந்தமாக நடத்தி, யாரும் கேள்வி கேட்காததால் கெட்டுப்போன சமையலறைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வெளியாரிடம் விடுவதில் ஓர் ஆபத்து உண்மையானது: முடிவெடுப்பவருக்கும் அடுப்புக்கும் நடுவே தூரம் கூடிவிடும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் ஹீத்ரோ கேட்டரிங் பிரிவை 1997-இல் கேட் கூர்மே என்ற கேட்டரிங் நிறுவனத்திடம் விற்றது. விலை நெருக்கடி அந்த நிறுவனத்தின்மேல் விழுந்தது. 2005 ஆகஸ்டில் சுமார் 670 ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாக பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப்பணியாளர்கள் வேலையை நிறுத்த, விமானங்கள் நின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். கேட்டரிங் செலவைத் தன் கணக்கிலிருந்து இறக்கிவைத்த நிறுவனத்தால் அதன் விளைவை இறக்கிவைக்க முடியவில்லை.

2018-இல் கொரியாவின் ஆசியானா ஏர்லைன்ஸ் 15 ஆண்டு கால கேட்டரிங் நிறுவனத்தை விட்டுவிட்டுப் புதிய கூட்டுநிறுவனத்துக்கு மாறியது. ஆசியானாவின் தாய்க் குழுமத்தில் தங்களை முதலீடு செய்யச் சொன்னார்கள் என்று பழைய நிறுவனம் புகார் சொன்னது. புதிய சமையலறை கட்டும்போதே மார்ச் மாதம் தீப்பிடித்தது. இடைக்காலமாக அமர்த்திய சிறிய நிறுவனம் வழக்கமாகச் செய்வது நாளுக்குச் சுமார் 3,000 சாப்பாடு. தேவைப்பட்டது அதைப் போலப் பல மடங்கு. ஜூலை 1 முதல் விமானங்கள் தாமதமாகவும், சாப்பாடே இல்லாமலும் கிளம்பின. நெருக்கடியின் நடுவில் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இது விமானத்துக்குள் பரிமாறும் உணவைப் பற்றியது, லவுஞ்ச் அல்ல. ஆனாலும் கேட்டரிங் ஒப்பந்தம் பேசும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவில் சாப்பாடு முதல் காரணமாக இல்லாதபோது, அழுத்தம் கடைசியில் வந்து சேர்வது மிகச் சிறிய ஆளிடம்.

நான் ஒப்பந்தம் எழுதும்போது போராடிய இடங்கள் சில. மூலப்பொருளுக்கு என்று தலைக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையைத் தனியே பிரித்து, அதைச் செலவழித்தே ஆகவேண்டும், மிச்சம் பிடித்தால் லாபமாகாது, திரும்பி வர வேண்டும் என்று எழுதவைத்தேன். கொள்முதல் ரசீதுகளைப் பார்க்கும் உரிமையும் அதோடு போகும். இந்த ஒரு ஷரத்து மற்ற பத்து ஷரத்துகளைவிட வேலை செய்தது. அடுத்தது வீணாகும் உணவு. அதன் நட்டம் முழுவதையும் கேட்டரிங் நிறுவனத்தின் தலையில் கட்டினால், கடைசி ஒரு மணி நேரம் ட்ரேக்கள் காலியாகத்தான் இருக்கும். முழுவதையும் நாமே ஏற்றால் மலைபோல் சமைத்துக் கொட்டுவார்கள். பாதிக்குப் பாதி என்று வைத்து, சிறிய ட்ரேயில் அடிக்கடி நிரப்புவது என்று பேசியபோதுதான் இரண்டு தரப்பும் ஒரே திசையில் யோசிக்கத் தொடங்கியது. விமானம் தாமதமானால் கூடுதல் உணவுக்கு என்ன விலை என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பனிமூட்ட இரவில், பசியோடு இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு மேலாளர்கள் தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஓர் இரவை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பிஸ்கட் தவிர கொடுக்க ஒன்றும் இல்லை.

ஒப்பந்தக் காலமும் முக்கியம். இரண்டே ஆண்டு ஒப்பந்தத்துக்கு எந்த நிறுவனமும் நல்ல அடுப்பு வாங்காது, நல்ல சமையல்காரரைத் தக்கவைக்காது. விலையேற்றத்துக்கு ஏற்ப கட்டணம் திருத்தும் ஷரத்து இல்லாத நீண்ட ஒப்பந்தமும் அதே அளவு மோசம். முதல் ஆண்டு நன்றாக இருந்த சாப்பாடு மூன்றாம் ஆண்டு நீர்த்துப்போவதற்கு அதுதான் வழக்கமான காரணம்.

பயணியாக நீங்கள் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. பரிமாறுபவரிடம் கோபப்படாதீர்கள், அவர் கையில் எதுவும் இல்லை. லவுஞ்ச் மேலாளரிடம் அங்கேயே சொல்லி, அன்றைய பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கோ, டிக்கெட் விற்ற விமான நிறுவனத்துக்கோ எழுதுங்கள். சங்கிலியில் பணம் கிளம்பும் இடம் அது, புகாரும் அங்கிருந்து இறங்கினால்தான் எடை இருக்கும். 'சாப்பாடு மோசம்' என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'இந்தத் தேதி, மாலை 7:10 முதல் 7:45 வரை சூடான உணவு நான்கில் மூன்று ட்ரே காலி' என்று படத்தோடு எழுதுங்கள். அந்த நேரத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி மாதாந்திரக் கூட்டத்தில் கேட்பார்கள். நான் அந்தக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். நேரம் குறித்து வந்த புகாருக்குக் கேட்டரிங் நிறுவனத்திடம் பதில் இல்லாமல் போனதையும், அடுத்த வாரமே மாலை ஷிப்டில் ஓர் ஆள் கூடியதையும் பார்த்திருக்கிறேன்.